அம்மா குடித்தது நண்டு ரசம்

நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் நேற்று ஒருத்தி என்னைக் கேட்டிருந்தாள்: "உங்கம்மா அப்ப மருந்து குடிச்சாங்கல்ல, இப்ப எப்புடி இருக்காங்க?" கேள்விக்குப் பக்கத்தில் கும்பிடுகிற இரண்டு கைகள், ஒரு ரோஜாப்பூ. அதற்கு மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள்.

உங்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஆத்திரம் இன்னும் எச்சாக வருகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முட்டி தேய்ந்து, தலைக்குச் சாயம் பூசி, பிள்ளைகளுக்கு வரன் பார்க்கிற வயசுக்கு எல்லோரும் வந்துவிட்டோம். என் அம்மா மட்டும் உங்களுக்கு இன்னும் மருந்து குடித்தவள்தான். ஐந்தாம் வகுப்பில் என்னை "மருந்துக்காரி மக" என்று கூப்பிட்டீர்களே, அது எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்தீர்களா? இன்றைக்கு உட்கார்ந்து முழுவதையும் எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நீங்கள் அரை மணி நேரம் படித்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

அப்பாவும் அம்மாவும் கோழிப்பண்ணையில் வேலை செய்தார்கள். பண்ணைக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்குக் கட்டிய ஓட்டு லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தீவன மில்லில் வேலை. அம்மாவுக்குக் களத்தில் கருவாடு பொறுக்குகிற வேலை. என் பாவாடையில் கருவாட்டு வாடை அடிக்கிறது என்று பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தவர்கள் நீங்கள். அது கோழித் தீவனத்தில் சேர்க்கிற கருவாடு. ராமநாதபுரத்துக் கரையில், வலையில் வந்ததில் விலைபோகிற மீனையெல்லாம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மணலில் பரப்பிக் காயவைத்து, சாக்கில் அள்ளிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. கோழிக்குத்தானே என்ற நினைப்பு.

சனிக்கிழமை லாரி வரும். சிமெண்டுக் களத்தில் சாக்கைக் கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கல்லையும் நைலான் நூலையும் சங்கையும் பொறுக்கி எடுத்துப் போடுவார்கள். எனக்கு லீவு என்பதால் நானும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவர்கள் பொறுக்கிப் போடுவதைப் பிஸ்கட் தகர டப்பா ஒன்றில் சேர்த்து வைத்தேன். வால் சுருண்ட கடல்குதிரை ஒன்று இருந்தது. ஒரு கால் ஒடிந்த நட்சத்திர மீன், குண்டூசித் தலையளவுச் சங்குகள், பல் வைத்த கிளிஞ்சல். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தபோது நீங்களும் வாங்கி வாங்கிப் பார்த்தீர்கள். நான் கடலைப் பார்த்ததே இல்லை. எனக்குக் கடல் என்றால் அந்தச் சாக்குதான்.

வேலை முடிந்து போகையில் பண்ணைக்காரம்மா கேட்டில் நிற்பார். ஒவ்வொருத்தியும் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போகவேண்டும். சங்கு போனால் போகட்டும். தீவனத்துக்கு ஆகிற எதுவும் போகக்கூடாது. மீன் துண்டு, இறால் தலை, நண்டு எல்லாம் மில்லுக்குத்தான். நண்டு ஓடு அரைபட்டால் முட்டை கெட்டியாக இருக்குமாம்.

அந்த ஆடி மாதம் எங்கள் லைனில் ஒரு அக்காவின் மடியில் இரண்டு பிடி நெத்திலி இருந்தது. பண்ணைக்காரம்மா சத்தம் போடவில்லை. "ரெண்டு பிடிதானுங்க அம்மணி, பெருசில்லீங்க. ஆனா கை நீண்டா நீண்டதுதானுங்களே," என்றார். எவ்வளவு மரியாதை பாருங்கள். பொழுது சாய்வதற்குள் அந்த அக்காவின் சட்டி போசியும் அம்மிக்கல்லும் ரோட்டோரம் கிடந்தன. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அம்மிக்கல் மேலேயே உட்கார்ந்திருந்தார். வேலை போனால் வீடும் போகும் என்பதை லைனில் இருந்த எல்லோரும் அன்றைக்குப் பார்த்துக்கொண்டார்கள்.

இனி நண்டு. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரம் வந்த லோடு சரியாகக் காயாமல் ஈரமாக இருந்தது. எனக்கு நெஞ்சுச்சளி, மூச்சு விட்டால் கீச்சுக் கீச்சென்று சத்தம். அப்படியும் களத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு சாக்கின் அடியிலிருந்து அது உருண்டு வந்தது. என் உள்ளங்கையைவிடப் பெரிசு. முதுகெல்லாம் பாத்தி கட்டிவிட்ட மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. வெண்ணெய் நிறத்தில் செம்மண் நிறத் திட்டுகள். கொடுக்கின் நுனி இரண்டும் கன்னங்கரேலென்று இருந்தன. வாய்க்கால் நண்டு மட்டுமே பார்த்திருந்த எனக்கு இப்படி ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதே அதிசயமாக இருந்தது. டப்பாவில் போட்டு மூடினேன். பண்ணைக்காரம்மா குழந்தைகளின் டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வாடை பிடித்து டப்பாவைத் திறந்தாள்.

"இது எங்க கண்ணு கெடச்சுது?"

"சாக்குல. அது என்றது. தொடாத."

"உள்ள சதை அப்புடியே இருக்குது. உன்ற சளிக்கு ஆகும்."

மழைக்காலத்துச் சளிக்கு நண்டை இடித்து ரசம் வைப்பது உங்கள் வீட்டிலும் உண்டுதானே? வாய்க்காலில் பிடித்துவந்து, உரலில் போட்டு இடித்து, வடிகட்டி, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைப்போம். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் கரை புரண்டு ஓடியது, யாரும் இறங்க முடியவில்லை. கையில் கிடைத்த நண்டை அம்மா விடுவாளா?

அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "சாக்குல இருந்ததா? பண்ணைக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா?" என்றார்.

"புள்ள இருமறது உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"நாத்தமடிக்குதே."

"கடல் நண்டு அப்புடித்தான் இருக்கும். ரெண்டு கொதி வந்தா எல்லாம் போயிரும்."

ரெண்டு கொதி வந்தால் எல்லாம் போய்விடும். இதை நாம் எல்லோரும் நம்பினோம். இப்போதும் நம்புகிறோம். அப்பா மில்லுக்குப் போய்விட்டார்.

நான் அழுதேன், காலை உதைத்தேன். அம்மா நண்டின் முதுகு ஓட்டை மட்டும் பெயர்த்து என் கையில் கொடுத்தாள். "ஓட்டை நீ வெச்சுக்க. காலும் கொடுக்கும் எனக்குக் குடு." மீதியை உரலில் போட்டு இடிக்கிற சத்தம் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் பொங்கியது. டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கெஞ்சினாள், மிரட்டினாள், மூக்கைப் பிடித்துக்கூடப் பார்த்தாள். நான் தட்டிவிட்டதில் பாதி தரையில் கொட்டியது.

"கொழுப்பெடுத்தவ. மொளகும் பூண்டும் வீணாப் போகுது," என்று சொல்லிவிட்டு மிச்சத்தைத் தானே குடித்தாள். போசியில் இருந்ததையும் ஊற்றிக் குடித்தாள். பூண்டு வீணாகப் போகக்கூடாது என்பதற்காக.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. கூட்டிக்கொண்டிருந்தவள் நின்று உதட்டைத் தேய்த்தாள். "ஒதடு மரத்து மதமதங்குது கண்ணு. மொளகு எச்சாப் போயிருச்சாட்ட இருக்குது." கொஞ்ச நேரத்தில் விரல் நுனியையும் தேய்த்தாள். விளக்கமாறு கையிலிருந்து விழுந்தது, குனிந்து எடுக்க முடியவில்லை. வாந்தி எடுத்தாள். சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "நீ... குடி..." என்றாள். நாக்கு புரளவில்லை. இன்னும் ரசத்துக்காகத்தான் என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதை எழுதும்போது என்னையே எனக்கு அறையவேண்டும் போலிருக்கிறது.

பிறகு ஓடினேன். அப்பா வந்தார், தீவனம் ஏற்றும் வேன் வந்தது. அம்மாவைச் சாக்கின் மேல் படுக்கவைத்தார்கள். கண் பாதி திறந்திருந்தது, இமை அசையவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "மருந்தாட்டம் இருக்குதுங்க," என்றார்.

நம் பக்கத்தில் மருந்து என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து எல்லோர் வீட்டு மூலையிலும் இருந்தது. நன்றாக இருந்த பெண்பிள்ளை வாந்தி எடுத்து விழுந்தால் மருந்துதான். வேறு கேள்வியே கிடையாது. நம் ஊர்களில் ஒரு பெண் வேறு எந்த வழியிலும் விழ முடியாது.

அப்பா என் காதருகே குனிந்தார். "என்ன தின்னா?"

"நண்டு ரசம்."

"நண்டு தின்னு யாரும் இப்புடி ஆகமாட்டாங்க. நாந் திங்காத நண்டா? நீ நண்டுன்னு யாருகிட்டயும் வாயத் தொறந்துறாத. சாக்குல எடுத்தது தெரிஞ்சா ஊடு போயிரும்."

டிரைவரிடம் அவர் மறுத்து எதுவும் சொல்லவில்லை. பல்லடம் தாண்டுவதற்குள் அம்மா மருந்து குடித்தவள் ஆகிவிட்டாள்.

கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். வயிற்றைக் கழுவினார்கள். வடிகட்டின ரசம்தானே, மிளகுத் தண்ணீர்தான் வந்தது. மருந்துக்கு முறிவு என்று ஊசி போட்டார்கள். மூச்சு நின்றுபோனதும் தொண்டையில் குழாய் செருகி, அதில் ஒரு ரப்பர்ப் பந்தை மாட்டி, அப்பா கையில் கொடுத்தார்கள். மிஷின் காலியாக இல்லையாம். அமுக்கினால் காற்று உள்ளே போகும், நிறுத்தினால் ஆள் போய்விடும். அப்பாவும், சேதி கேட்டு ஓடிவந்த மாமாவும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். அப்பா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விரல் வீங்கியும் விடவில்லை. அதையும் சொல்லவேண்டும், சொல்லிவிட்டேன்.

ஆனால் கட்டிலைச் சுற்றி நின்ற வாய்கள் சும்மா இருந்தனவா? அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வந்து நின்றதும் ஆரம்பித்தாள். "புதன்கெழமை ரெண்டு பேருக்கும் சண்டைங்க. ரோசக்காரி." கொஞ்சம் பொறுத்து, "லாரிக்காரன்கிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவா. நான் அப்பவே சொன்னேன்," என்றாள். அம்மா அந்த லாரிக்காரரிடம் பேசியது எனக்காகத்தான், அடுத்த தடவை பெரிய சங்கு கொண்டுவாருங்கள் என்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போலீஸ்காரர் ஒருவர் வந்து, கட்டிலைக்கூடச் சரியாகப் பார்க்காமல், குடும்பத் தகராறு, மருந்து என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒரே ஒருத்தருக்குத்தான் சந்தேகம் வந்தது. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் டாக்டர். அம்மாவின் வாயருகே குனிந்து மோந்து பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "மருந்து வாடையே இல்லையே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, என் முன்னால் குந்தி உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

"பாப்பா, அம்மா காலையில என்ன சாப்பிட்டாங்க? பயப்படாம சொல்லு."

என் பாவாடைப் பையில் நண்டின் ஓடு இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் போதும். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பந்தை அமுக்கியபடியே என்னைப் பார்த்தார்.

"தெரியாதுங்க," என்றேன்.

அந்த டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்திருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அம்மாவின் சுண்டுவிரல் அசைந்தது. பொழுது சாய்வதற்குள் மூச்சு தானாக வந்தது, குழாயை எடுத்தார்கள். கரகரத்த தொண்டையில் அவள் முதலில் சொன்னது, "நல்லவேள... பாப்பா குடிக்கல."

அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். "கேட்டீங்களா? புள்ளைக்கும் கலக்கி வெச்சிருக்கா பாவி."

அம்மா நண்டு என்று சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டது? கொதிக்க வைத்த நண்டு யாரைக் கொன்றது என்று சிரித்தார்கள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுரு அம்மணி. ஊடு போயிரும்," என்று கெஞ்சினார். அவளும் விட்டுவிட்டாள். வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா என் பையிலிருந்து ஓட்டைப் பிடுங்கி, டப்பாவோடு சேர்த்து, செத்த கோழி போடுகிற குழியில் எறிந்தார். கடல்குதிரையும் போனது.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில், உங்களில் ஒருத்தர் என்னிடம் கேட்டீர்கள்: "உங்கம்மா உனக்கும் குடுத்தாங்களாமே, எப்புடி இருந்துச்சு?" யாரென்று எனக்குத் தெரியும். இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள்.

வீடு தப்பியதா என்றால் அதுவும் இல்லை. தை பிறந்ததும் பண்ணைக்காரம்மா அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். "தப்பா நெனைக்காதீங்க. மருந்து குடிக்கற மனசு உள்ளவங்கள உள்ள வெச்சிருந்தா நாளைக்கு எங்களுக்குத்தானுங்களே கேசு." எங்கள் போசியும் ரோட்டுக்கு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு வீட்டுக்காக என் அம்மாவின் பேரைக் கொடுத்தோம், அந்த வீடும் மூன்று மாசம்தான் நின்றது. அதற்குப் பிறகுதான் பல்லடத்துக்குள் தறிக்குடோன் பின்னால் குடிவந்தோம்.

பதினொன்றாம் வகுப்பில் ராமேஸ்வரம் டூர் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? வழியில் கடல் பிராணிகளைப் பாட்டிலில் போட்டு வைத்திருந்த ஒரு சின்னக் கட்டடத்தில் கால் மணி நேரம் நிறுத்தினார்கள். நீங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு ஐஸ் வாங்க ஓடிவிட்டீர்கள். நான் ஒரு பாட்டில் முன்னால் நின்றுவிட்டேன். நிறம் வெளுத்திருந்தது. ஆனால் அதே மேடு பள்ளம், அதே கறுப்பு நுனி. சீட்டில் எழுதியிருந்தது: நச்சு நண்டு. சமைத்தாலும் நஞ்சு நீங்காது.

அங்கே இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "பவளப்பாறையில கெடக்கும்மா. பகல்ல இடுக்குல ஒளிஞ்சுக்கும். ஓடவே தெரியாது, மெதுவாத்தான் நகரும். அத யாரு திங்கப்போறா? எங்க ஆளுங்க வலையில பட்டா எடுத்து வீசிருவாங்க," என்றார். பேத்தை மீனில் இருக்கிற மாதிரியான விஷமாம். அது தானாகச் சுரப்பதில்லை, தின்கிற தீனியிலிருந்து சேர்கிறது என்கிறார்களாம். சதையிலும் இருக்கும், ஓட்டிலும் இருக்கும், கொடுக்கிலும் காலிலும் எச்சாக இருக்கும். காயவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. ஒரு நண்டில் ஆளைக் கொல்கிற அளவு இருக்கும், அதே பாறையில் பக்கத்து நண்டில் ஒன்றுமே இருக்காது. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"தின்னா என்னாகுங்க?" என்று கேட்டேன்.

"உதடு மரத்துப்போகும். அப்புறம் கை, கால், கடைசியில மூச்சு. ஆனா புத்தி தெளிவா இருக்கும்மா. சுத்தி நடக்கறது எல்லாம் காதுல விழுமாம். சொல்லத்தான் முடியாது."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. நீங்கள் ஜன்னல் வழியாக என் பேரைச் சொல்லிக் கத்தினீர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டுக்குப் பாட்டு நடந்தது. நான் ஏன் பாடவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவும் அம்மாவும் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வட்டிலில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "இப்பச் சொல்லி என்னாவுது," என்றார், கை கழுவ எழுந்து போனார். அவர் சாகும்வரை அதைப் பற்றி வேறு வார்த்தை பேசவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரில உனக்கு எல்லாம் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு கண்ணு. உங்கத்தை பேசுனது, போலீஸ்காரர் எழுதுனது, எல்லாம்."

"நான் சொன்னது?"

"தெரியாதுங்கன்ன."

"அப்பறம் ஏம்மா ஒருநாளும் என்னைக் கேக்கல?"

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "விழும்போதே எனக்கு நண்டுன்னு தெரிஞ்சுபோச்சு. நான் பாக்காதப்ப நீ ஒரு வாய் குடிச்சிருப்பியோன்னுதான் அத்தன நேரமும் நெனச்சுட்டுக் கெடந்தேன். நீ தெரியாதுங்கன்னு சொன்னபோது உன்ற நாக்கு கொழறல. சுத்தமா இருந்துச்சு. செரி, புள்ள குடிக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அப்பறம் யாரு என்ன பேசுனா எனக்கென்ன?"

இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்தது என்று நினைக்காதீர்கள். கோபம்தான் வந்தது. ஏன்டி சொல்லலை என்று என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். என் பொய்யைக் கேட்டு நிம்மதியாகப் படுத்திருந்தாளாம். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆக, கேட்டவளுக்குப் பதில். அம்மா நன்றாக இருக்கிறாள். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, காது மட்டும் இன்னும் கூர்மை. அவள் மருந்து குடிக்கவில்லை. எனக்கு வைத்த நண்டு ரசத்தை நான் குடிக்க மாட்டேன் என்றதால் அவள் குடித்தாள். நண்டைச் சாக்கிலிருந்து எடுத்தது நான். டாக்டர் கேட்டபோது தெரியாது என்று சொன்னதும் நான். கட்டைவிரல் தூக்கியவர்கள் இப்போது இதற்கும் தூக்குங்கள்.